கேஸ்கட் கம்பெனியின் கையெழுத்துப் பயிற்சி

குக்கருக்குள் இருக்கும் நீராவி வெளியே வராமல் காப்பது எங்கள் கம்பெனியின் தொழில். தி.நகரில் இருக்கும் எங்கள் தலைமை அலுவலகம் ஃபைல் விஷயத்திலும் இதே கொள்கையைக் கடைப்பிடித்து வந்தது. உள்ளே போன எதுவும் லேசில் வெளியே வராது. இப்படிச் சீராகப் போய்க்கொண்டிருந்த அலுவலகத்துக்கு, பொது மேலாளர் வெங்கடரமணன் வேளச்சேரியில் ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போய்வந்ததில் சனி பிடித்தது.

பந்தியில் அவருடைய ஷட்டகர், அதாவது சகலை, "இன்னமும் பேனாவாலயா கையெழுத்துப் போடறேள்?" என்று கேட்டுவிட்டாராம். பக்கத்து இலைக்காரர்கள் சிரித்தார்களாம். பாயசத்தைத் தொடாமல் எழுந்து வந்த மேலாளர், மறுநாள் காலையில் சுற்றறிக்கை விட்டார். 'இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், இவ்வலுவலகத்தில் பேனாவால் கையெழுத்திடும் பழக்கம் இன்றுடன் ஒழிக்கப்படுகிறது.' கீழே பேனாவால் கையெழுத்துப் போட்டிருந்தார்.

பேனா ஒழிந்துவிட்டது. இனி எதனால் போடுவது என்று பார்த்தால், எங்கள் கொள்முதல் விதி குறுக்கே நின்றது. எதை வாங்குவதானாலும் இரண்டையாவது ஒப்பிட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். கையெழுத்து மென்பொருள் ஒன்றுதான் வந்திருந்தது. நல்லவேளையாக, பணியாளர் அதிகாரி சூடாமணி அதே வாரம் இன்னொரு மென்பொருளைக் கேட்டிருந்தார். அது ஊழியர்களுக்குக் கம்ப்யூட்டரிலேயே பாடம் நடத்திப் பரீட்சையும் வைக்குமாம். அதுவும் ஒன்று. ஆக மொத்தம் இரண்டு. இரண்டும் ஒரே வகையாக இருக்க வேண்டும் என்று விதியில் எங்கும் இல்லை. எனவே ஒப்பீட்டுக் குழு அமைக்கப்பட்டது. மேலாளர் தலைவர், சூடாமணியும் கணக்குப் பிரிவு ஷரஃபுதீன் பாயும் உறுப்பினர்கள். தபால் பிரிவு ஜெயராமாகிய நான் குறிப்பெழுத.

நாங்கள் உட்காருவதற்குள் உம்மே ஹானி கதவருகில் வந்து நின்றாள். கிண்டி தொழிற்சாலையிலிருந்து வரும் கேஸ்கட்டுகளைப் பின்னறைக் குக்கர்களில் மாட்டி, கொதிக்கவைத்துப் பார்ப்பவள் அவள். அவள் கையெழுத்துப் போட்டால்தான் சரக்கு கடைக்குப் போகும். நாள் முழுக்கப் பின்னறையில் விசில் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

"சார், எனக்கு நிக்காஹ் வருது. லீவ் லெட்டர் குடுத்து ரொம்ப நாளாச்சு. ஒரு கையெழுத்து போட்டுடுங்க சார்."

"எதால போடறது? பேனாவத்தான் ஒழிச்சாச்சே," என்றார் மேலாளர் வருத்தத்துடன்.

"அப்ப லீவ் போட்டதா வெச்சுக்கிட்டு நான் போகட்டுமா?"

"கையெழுத்து ஆகாம போனா வேலையை விட்டு ஓடிட்டதா அர்த்தம்மா," என்றார் சூடாமணி. "போன வருஷம் ஸ்டோர்ஸ் சங்கரன் கேஸ் ஞாபகம் இருக்குல்ல?" சங்கரன் மைத்துனி கல்யாணத்துக்குப் போய்த் திரும்பியபோது, அவருடைய நாற்காலியில் வேறொருவர் இருந்தார்.

"மேடம், எனக்கு நிக்காஹும் வேணும், இந்த வேலையும் வேணும்," என்றாள் உம்மே ஹானி. கண் கலங்கிவிட்டது. எனக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் குறிப்பில் 'உறுப்பினரல்லாத ஒருவர் இடையில் பேசினார்' என்றுதான் எழுதினேன். முறை என்று ஒன்று இருக்கிறதே.

ஒப்பீடு தொடங்கியது.

"முதல் கேள்வி, கையெழுத்துப் போடுமா?" என்றார் தலைவர்.

"முதலாவது போடும். ரெண்டாவது போடாது," என்றார் சூடாமணி.

"பயிற்சி தருமா?"

"முதலாவது தராது. ரெண்டாவது தரும்."

"ஒண்ணுக்கு ஒண்ணு சமமா வர்றதே!" தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பலத்த போட்டியா இருக்கும்போல."

"இன்னா சார் இது," என்றார் ஷரஃபுதீன் பாய். "பூட்டையும் தொடப்பத்தையும் வெச்சுக்கினு எது நல்லாப் பெருக்கும்னு கேக்கறாமாதிரி கீது."

"பாய், ஒப்பீடுன்னா மனசுல பாரபட்சம் இருக்கப்படாது," என்று தலைவர் அடக்கினார். இரண்டையும் வெள்ளோட்டம் விட்டுப் பார்ப்பது என்று ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.

முதலில் கையெழுத்து மென்பொருள். டேப்லெட்டின் கண்ணாடியில் விரலால் ஒருமுறை போட்டுக் காட்டினால், அதையே நம் கையெழுத்தாகப் பதிந்துகொள்ளும். எங்கள் மேலாளர் மயிலாப்பூர்க்காரர். வண்ணான் கணக்கானாலும் மேலே பிள்ளையார் சுழி போடாமல் ஓர் எழுத்து எழுதியதில்லை. வழக்கம்போலக் கண்ணாடியின் உச்சியில் ஒரு 'உ' போட்டார். அடுத்துப் பெயரை எழுதலாம் என்று விரலை எடுத்தார். 'நன்றி! உங்கள் கையெழுத்து ஏற்கப்பட்டது' என்றது அது.

"இருடா, இன்னும் நான் ஆரம்பிக்கவே இல்லையே!" என்று மேலாளர் கண்ணாடியைத் தட்டினார். மாற்ற வேண்டுமானால் புதிய கையெழுத்துடன் விண்ணப்பிக்கலாம் என்றது. அந்தப் புதிய கையெழுத்து எது என்றால், இப்போது ஏற்கப்பட்ட அந்த 'உ'தான்.

சிரித்துக்கொண்டிருந்த ஷரஃபுதீன் பாயின் முறை வந்தது. அவர் எதை எழுதினாலும் மேலே 786 போட்டுத்தான் தொடங்குவார். ஏழு போட்டு விரலை எடுத்தார். நன்றி என்றது.

அடுத்துப் பயிற்சி மென்பொருள். அதில் எல்லாம் இருந்தது, பாடத்தைத் தவிர. பாடத்தை நாமே படம் பிடித்து ஏற்ற வேண்டுமாம். கைவசம் இருந்தது மேலாளர் கையெழுத்துப் போட்ட காட்சி ஒன்றுதான். சூடாமணி அதை 'கையெழுத்திடுவது எப்படி? ஓர் அறிமுகம்' என்ற பெயரில் ஏற்றினார். படத்தில் பார்த்ததை அப்படியே போட்டுக் காட்டினால் தேர்ச்சி. தேறியவர்களின் கையெழுத்து மட்டுமே இனி செல்லும் என்று மேலாளர் சுற்றறிக்கை விட்டார். கீழே 'உ'.

மொத்த அலுவலகமும் உட்கார்ந்து 'உ' போட்டுத் தேறியது; அதுவே எல்லோருக்கும் கையெழுத்தானது. பாய் மட்டும் ஏழு போட்டுத் தோற்றுக்கொண்டே இருந்தார். கடைசியில் அவரும் இறங்கிவந்தார். "நமக்கு அது சும்மா 'உ' சார். அ, ஆ, இ, ஈ, உ. ஒண்ணாங்கிளாஸ்ல போட்டதுதான்."

'நூற்றுக்கு நூறு தேர்ச்சி' என்று சூடாமணி வாசலில் பேனர் கட்டினார். கேக் வெட்டினார்கள். நானும் ஒரு துண்டு தின்றேன்.

கேக்கைத் தொடாத ஒரே ஆள் உம்மே ஹானி. விடுப்பு விண்ணப்பத்தை டேப்லெட்டில் ஏற்றி, தன் கட்டத்தில் 'உ' போட்டாள். கீழே மேலாளருக்கான கட்டம் காலியாக இருந்தது. என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, சார் கையெழுத்தும் இதேதானே?"

"ஆமாம்மா."

"அப்ப அவரு எதுக்குண்ணே?"

நான் கூரையைப் பார்த்தேன். நான் பார்வையை இறக்கியபோது விடுப்பு அனுமதிக்கப்பட்டிருந்தது. 'கையெழுத்து நூறு சதவீதம் அசல்' என்று பச்சையில் ஒளிர்ந்தது. அன்று அந்தப் பெண்ணின் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்து, மென்பொருள் வாழ்க என்று நானும் சொன்னேன். நிக்காஹுக்கு நாங்கள் எல்லோரும் போனோம், அவரவர் விடுப்பை அவரவரே அனுமதித்துக்கொண்டு.

திரும்பி வந்தவள், கையில் மருதாணி நிறம்கூடப் போகாமல் என் மேஜைக்கு ஓடி வந்தாள். "அண்ணே, பின்ரூம்ல குக்கருங்க மேல தூசி படிஞ்சு கெடக்கு. ஆனா சரக்கெல்லாம் கடைக்குப் போயிருக்கு. நான் மருதாணி வெச்சுக்கிட்டு உக்காந்திருந்த அன்னிக்குக்கூட டெஸ்ட் பண்ணி கையெழுத்து போட்டிருக்கேனாம்! யாருண்ணே போட்டது?"

மேலாளரிடம் போனோம். அவர் திரையில் பார்த்துவிட்டு, "நூறு சதவீதம் அசல்னு போட்டிருக்கே. நீதாம்மா போட்டிருக்கே," என்றார்.

"கேஸ்கட்டை யாரும் கொதிக்கவைக்கவே இல்லையே சார்!"

"பாத்தியா, எவ்வளவு நேரம் மிச்சம்! உன் வேலை பத்திரமா இருக்கும்மா. இனிமே நீ செய்ய வேண்டியதுதான் ஒண்ணுமில்லை."

அவள் இரண்டு நாள் எல்லோருடனும் சண்டை போட்டாள். மூன்றாம் நாள் பின்னறையில் உட்கார்ந்து ஃபோனில் கல்யாண வீடியோ பார்த்தாள். நிக்காஹும் கிடைத்தது, வேலையும் இருக்கிறது. விசில் சத்தம் மட்டும் இல்லை. ஒப்பீட்டுக் குழுவோ, இரண்டு மென்பொருளும் தரத்தில் சமம், இரண்டையும் வாங்கலாம் என்று அறிக்கை கொடுத்துக் கலைந்தது.

ஆகவே, உங்கள் வீட்டு குக்கரில் சமீபகாலமாக விசில் வராமல் நீராவி பக்கவாட்டில் சீறிக்கொண்டிருந்தால், அது எங்கள் கேஸ்கட்டாக இருக்கலாம். தாராளமாகப் புகார் எழுதுங்கள். புகார்களைப் படிப்பதும் இப்போது அதே கையெழுத்து மென்பொருள்தான். நீங்கள் பழக்கதோஷத்தில் உச்சியில் ஒரு பிள்ளையார் சுழி போட்டுத்தான் எழுதத் தொடங்குவீர்கள். அதைப் பார்த்ததுமே, பொது மேலாளர் கையெழுத்திட்டு உங்கள் புகாரைத் தீர்த்துவைத்துவிட்டதாக அது பதிந்துகொள்ளும்.