சுத்தியல் இல்லாத வீடு

வன்னியில் சுத்தியல் இல்லாத வீடு ஒன்றே ஒன்றுதான். அது அக்கராயனில், அடிக்காதை அண்ணையின் வீடு. சுத்தியல் மட்டுமல்ல, அந்த வளவுக்குள் ஓர் ஆணிகூடக் கிடையாது. கட்டில், அலுமாரி, குசினித் தட்டு எல்லாமே போல்ட்டும் நட்டும்தான். தாளம் தட்டிப் பாடினால்கூட விருந்தாளியை ஒரு மாதிரிப் பார்ப்பார்.

அவருடைய சொந்தப் பெயரை ஊரில் யாரும் கேட்டதில்லை. வீதியில் சைக்கிளில் போகும்போது எங்கேயாவது "டங்" என்று கேட்டால் போதும், பிரேக்கைப் பிடித்துவிடுவார். "அடிக்காதை! அடிக்காதை! இரும்புக்கும் உயிர் இருக்கு!" யாருடைய வேலி, யாருடைய உழவு மெசின் என்றெல்லாம் பார்க்க மாட்டார். இறங்கிப் போய் ஸ்பானரை எடுப்பார். அரைமணி நேர வேலை அன்று பொழுதுபடும்வரை இழுபடும்.

பிள்ளையார் கோயிலுக்குச் சிதறு தேங்காய் உடைக்கப் போனவர், தேங்காயை வீட்டிலேயே மரம் அறுக்கிற வாளால் அரிந்து இரண்டு பாதியாகக் கொண்டுபோனார். ஐயர் கையை உதறினார்.

"என்ன இது? பிள்ளையாருக்குத் தேங்காய் உடையிற சத்தம் கேக்கோணும்."

"அவ்வளவு பெரிய காதை வைச்சிருக்கிறவருக்கு வாள் அரிஞ்ச சத்தம் கேட்டிருக்காதோ ஐயா?"

ஆடு கட்டும் கட்டையையும் அவர் அடித்து இறக்கவில்லை. போல்ட்டுக்கு வெட்டுவதுபோலப் புரி வெட்டி, நிலத்துக்குள் திருகி இறக்கினார். ஆடு அதைச் சுற்றிச் சுற்றி மேய்ந்து, கட்டையைத் தானே கழற்றிக்கொண்டு போய்ப் பக்கத்து வளவுக் கத்தரிக்குள் நின்றது. அடுத்த நாள் புரியை மற்றப் பக்கமாக வெட்டினார். ஆடும் மற்றப் பக்கமாகச் சுற்றியது.

ஷெல் சத்தம் கேட்டுக் கேட்டுத்தான் மனுசன் இப்படி ஆனார் என்று ஊரில் சொல்வார்கள். நானும் நம்பினேன். அவருடைய மனைவி மணியக்காவிடம் ஒருநாள் கேட்டேன்.

"அதெல்லாம் இல்லையடா தம்பி. எங்கட தாலிகட்டிலயே தவில்காரர் பெலத்து அடிக்க, தாலியைக் கையில வைச்சுக்கொண்டு திரும்பி 'அடிக்காதை' எண்டு கத்தினவர். அண்டைக்கே நான் எழும்பி ஓடியிருக்கோணும்."

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நாயாற்றில் வலை இழுத்தேன், பளையில் தேங்காய் உரித்தேன், நெல் அறுக்கிற அருவி வெட்டுக்கென்று அக்கராயனுக்கு வந்தேன். வெட்டு முடிந்தபிறகும் அவருடைய கொட்டிலிலேயே தங்கிவிட்டேன். சோறு கிடைத்தது. சம்பளமாகத் திட்டும் கிடைத்தது.

அந்த நாட்களில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சரசு தன்னுடைய வானை உருட்டாத குறையாக ஓட்டிக்கொண்டு வந்து வேலிப் படலையில் நிறுத்தினாள். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பெண். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்ற வான் ஓட்டப் போகிறேன் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு, "பொம்பிளை ஓடுற வானோ?" என்ற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி, ஒரு வான் நிறையப் பிள்ளைகளைப் பிடித்திருந்தாள்.

"அண்ணே, நாளைக்கு ஸ்கூல் தொறக்குது. மொத நாளே வண்டி வரலைன்னா, அந்த மத்த வேன்காரரு எல்லாப் புள்ளைகளையும் ஏத்திக்கிட்டுப் போயிருவாரு. அப்புறம் ஒருத்தரும் என்னைய நம்ப மாட்டாங்க."

ஸ்டியரிங் பம்பில்தான் கோளாறு. பெல்ட் ஓடும் இரும்புச் சில்லை, அதுதான் புல்லியை, போன கிழமை யாரோ ஒருவர் சுத்தியலால் அடித்து ஏற்றியிருந்தார். அடித்த அடியில் உள்ளே இருந்த சீல் கிழிந்து எண்ணெய் ஒழுகியது. புதுச் சீல் போட்டாயிற்று. புல்லியை இனித்தான் பம்பின் தண்டில் ஏற்ற வேண்டும். தண்டும் துளையும் அவ்வளவு நெருக்கம். கையால் தள்ளினால் நுனியில் நிற்குமே தவிர ஏறாது.

"மரக்கட்டையை வைச்சு மெல்ல ரெண்டு தட்டுத் தட்டினா ஏறிடுமே அண்ணை" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. "நீ படலைக்கு அங்கால போய் நில்."

போய் நின்றேன். கொஞ்ச நேரத்தில் ஸ்பானர் பிடிக்க ஆள் தேவைப்பட்டதால் திருப்பிக் கூப்பிட்டார்.

தண்டின் நடுவில் புரி வெட்டிய துளை ஒன்று இருக்கும். அதற்குள் நீளப் போல்ட் ஒன்றைத் திருகி, போல்ட்டில் இருக்கும் நட்டை இறக்கினால், நட்டு புல்லியைத் தள்ளிக்கொண்டே போகும். இடையில் வாசரும் பழைய பெயாரிங்கும் வைத்தால் உரசாது. இவ்வளவுதான் வித்தை. ஆனால் அந்தத் துளைக்குள் இருந்தது நுண்புரி. அவருடைய தகரப் பேணிகளில் இருந்த போல்ட் எல்லாம் முரட்டுப் புரி.

பேணிகள் முடிய, வீட்டைக் கழற்றத் தொடங்கினார். அலுமாரிக் கதவு முற்றத்துக்கு வந்தது. கட்டில் நான்காகியது. குசினித் தட்டு விழுந்து மிளகாய்த்தூள் பறந்து, நாங்கள் மூன்று பேரும் தும்மினோம். ஒன்றும் பொருந்தவில்லை. கடைசியில் அவருடைய கண் மணியக்காவின் கதிரையில் போய் நின்றது. பழைய வாகனப் போல்ட் போட்டுப் பூட்டிய கதிரை. அக்கா அதில் இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தா.

"எழும்பு."

"ஏன்?"

"உன்ர கதிரையில நுண்புரி இருக்கு."

"இஞ்சேருங்கோ, இந்த வீட்டில ஆடாத சாமான் இது ஒண்டுதான். தொட்டுப் பாருங்கோ, நடக்கிறது தெரியும்."

"வேணாம் அண்ணே, அக்கா உக்காரட்டும்" என்றாள் சரசு.

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தா. "நாளைக்கு உன்ர வான் எந்தப் பக்கத்தால போகுது?"

"இந்த ஒழுங்கையாலதான் அக்கா."

"என்னைச் சந்தையடியில இறக்கி விடுவியோ? முன் சீற்றில?"

"ஏத்திக்கிட்டுப் போறேன் அக்கா!"

அக்கா எழும்பினா.

போல்ட் துளைக்குள் வழுக்கிக்கொண்டு போனது. நான் போல்ட்டின் தலையைப் பிடிக்க, அவர் நட்டைத் திருப்பினார். கொஞ்சம் ஏறியதும் நிறுத்திவிட்டார். "கோணல்." திரும்ப இழுத்துக் கழற்றினார். புல்லியின் துளைக்குள் மணல். துடைக்க மறந்தது அவர், ஏச்சு எனக்கு. உடுத்திருந்த சாரத்தால் துடைத்து, எண்ணெய் பூசி, மறுபடி தொடங்கினார். புல்லி சத்தமே இல்லாமல் மயிரிழை மயிரிழையாக ஏறி, எஞ்சினின் மற்றச் சில்லோடு நேராக வந்து நின்றது.

பெல்ட்டைப் போட்டு, சரசு எஞ்சினை இயக்கி ஸ்டியரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒடித்தாள். அண்ணை வானுக்குக் கீழே மல்லாந்து கிடந்தார். "ஒழுகினா என்ர மூஞ்சையில ஒழுகட்டும்!" வெளியில் வந்தபோது முகத்தில் மிளகாய்த்தூள் மட்டும்தான் இருந்தது. சரசு ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தாள். அழுதாளோ என்னவோ, நான் வடிவாகப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் காலையில் வான் ஒழுங்கையால் வந்தது. உள்ளே வெள்ளைச் சட்டைகள் நிறைந்திருந்தன. முன் சீற்றில் மணியக்கா, மடியில் சந்தைப் பை, ராணி மாதிரி. சந்தோசத்தில் ஒரு பெடியன் கையை வெளியே விட்டு வானின் தகரத்தில் படபடவென்று தட்டினான். அண்ணை படலைக்கு ஓடிவந்து வாயைத் திறந்தார். அதற்குள் வான் முழுவதும் ஒரே குரலில் கத்தியது:

"அடிக்காதை!"

அவர் வாயை மூடிக்கொண்டு கையை ஆட்டினார்.

அந்தப் போல்ட் இப்போது சரசுவின் வானில்தான், சாமான் பெட்டிக்குள். அவசரத்துக்கு வேண்டும் என்று அவரே கொடுத்துவிட்டார். அக்காவின் கதிரை ஒரு பக்கம் கயிற்றால் கட்டியபடி ஆடிக்கொண்டிருந்தது. நான் வழக்கம்போல வேறு ஊர் பார்த்து வெளிக்கிட்டேன். ஆனால் போகிற இடமெல்லாம் பழைய இரும்புக் கடையைக் கண்டால் கால் நின்றுவிடும். நேற்றுப் பளையில் நுண்புரிப் போல்ட் ஒன்று கிடைத்தது. சட்டைப்பைக்குள் வைத்திருக்கிறேன். திட்டு வாங்கியும் நாளாயிற்று. நாளைக்கு அக்கராயனுக்குப் போகிறேன். அக்காவின் கதிரைக்கு இந்தப் போல்ட்டைக் கொடுக்க மட்டும்தான் போகிறேன் என்று சொன்னால், நீங்கள் நம்பக்கூடாது.