கடாவுக்கு இடமில்லாத கார்

கடாவின் பின்பாதி டிக்கிக்குள் போய்விட்டது. தலையும் கொம்பும்தான் போகவில்லை.

"அண்ணே, நான் கார் விக்கிறேன். ஆட்டுப்பட்டி விக்கல" என்றான் லுக்மான். பக்கத்து வீட்டுக்காரன், அபுஜாவுக்கு மாற்றலாகிப் போகிறவன். மாலையில் காரைப் பார்க்க இன்னொருவர் வருகிறார்.

"பிடி தம்பி, பிடி. இலேயாப் பெருநாளுக்குக் குர்பானிக் கடா வாங்கினா எதுல கொண்டு வர்றது? பாதி டிக்கியக் கேஸ் சிலிண்டர் அடைச்சுக்கிட்டிருக்கே!" என்றார் முஃபுதாவ், முச்சந்திக் கடா வியாபாரியிடம் சோதனைக்கென்று இரவல் வாங்கி வந்த ஜீவனைத் தோள் கொடுத்துத் தள்ளியபடி.

இவர்தான் 'யோசிச்சுப் பார்க்கணும்' இனம். நைஜீரியாவின் இபாதானில் தெருவுக்கு ஒருவர் உண்டு. உங்கள் தெருவில் இல்லையா? பெட்ரோல் விலை ஏறிய நாளிலிருந்து மாற்று வண்டி பார்க்கிறார். பேட்டரி கார் என்றால் கரண்ட் எப்போது வரும் என்பார். கேஸ் கார் என்றால் கேஸ் பங்க் ஊரின் அந்தக் கோடியில் என்பார், அங்கே வரிசை என்பார், வரிசையில் நிற்கும்போது மழை பிடித்துக்கொண்டால் என்பார். இன்னும் மாப்பிள்ளையே பார்க்காத மகளைப் பிரசவத்துக்குக் கொண்டுபோனால் கால் நீட்ட முடியுமா என்று பின்சீட்டில் தானே படுத்துப் பார்ப்பார். தினமும் இவர் போகும் இடம்? ஆபீஸ். நடக்கிற தூரம்.

கார் தேவைப்படுவது மனைவி சிதிகாத்துக்கு. விருந்துகளுக்குச் சமைத்துக் கொடுப்பவள். போன தடவை வாடகை வண்டி பாதி வழியில் பெட்ரோல் வரிசையில் நின்றுவிட, ஜொலாஃப் சோறு ஆறிப்போய், மணப்பெண்ணின் அத்தை சபை நடுவே முகம் சுளித்தாள். நாளை இன்னொரு கல்யாணம். அதுவும் ஆறினால் அப்புறம் யாரும் கூப்பிடமாட்டார்கள். காருக்கு விலை எப்போதோ பேசி முடித்தாயிற்று. மிச்சமிருப்பது யோசனைதான்.

"ஏங்க, கடா வருஷத்துக்கு ஒருநாள். என் சோத்துப் பெட்டி வாராவாரம்."

"யோசிச்சுப் பார்க்கணும், சிதிகாத்."

"பின்சீட்டுல ஏத்திக் கொண்டாங்க. உங்க தம்பி வந்தா அங்கதானே உட்கார்றாரு?"

"கடா சீட்டுல உட்கார்ந்து வந்தா தெருவே சிரிக்காதா?"

"இப்ப மட்டும் அழுவுதாக்கும்!"

தெரு நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அது கடாவுக்குப் பிடிக்கவில்லை. டிக்கி விரிப்பின் மேல் தன் கருத்தைத் தாராளமாகச் சொல்லிவிட்டது. முஃபுதாவால் இத்தனை மாதம் முடியாத காரியம் ஒரு நொடியில் முடிந்தது.

லுக்மான் மூக்கைப் பொத்திக்கொண்டு சாவியை நீட்டினான். "இனிமே இத யாருக்குண்ணே காட்டுவேன்? பேசின விலைக்கு நீங்களே எடுத்துக்கங்க."

முஃபுதாவ் யோசிக்க வாயைத் திறந்தார். சாவியைச் சிதிகாத் வாங்கிக்கொண்டாள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஃபிரிட்ஜ் வாங்கப் போகும்போது வீட்டிலிருந்தே குழம்புப் பாத்திரத்தைக் கடைக்குத் தூக்கிப் போனவர்கள் மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சிரிக்கலாம்.

மறுநாள் விடியுமுன் சிதிகாத் டிக்கியைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். சோத்துப் பெட்டிகள் பின்சீட்டில் வரிசையாக ஏறின. முஃபுதாவுக்கு முன்சீட்டில், மடியில் குழம்பு அண்டாவோடு இடம் கிடைத்தது. கேஸ் பங்கில் வரிசை இருந்தது. மழை வரவில்லை. சோறு சூடாகப் போய்ச் சேர்ந்தது. மாலையில் அவர் கடாவை நடத்தியே கொண்டுபோய் வியாபாரியிடம் விட்டுவிட்டு வந்தார்.