இரண்டு அம்புக்குறிகளுக்கு நடுவே ஒரு கார்

11, ஹார்வுட் தெரு, பின்வீடு,
ஆக்லாந்து.
அக்டோபர் 16, வெள்ளிக்கிழமை

அன்பு மைத்துனி பாரேவுக்கு,

உன் அத்தான் எருவேரா எழுதுவது. உங்கள் மலைக்கும், மலையடியில் ஓடும் ஆற்றுக்கும், ஆற்றங்கரையில் உறங்கும் நம்மவர்களுக்கும், அவர்களில் கடைசியாகப் போய்ச் சேர்ந்த உன் அக்கா ஹுயானாவுக்கும் முதல் வணக்கம். அடுத்த வணக்கம் உயிரோடு இருக்கிறவர்களுக்கு. உன் முதுகுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். என் இடுப்பு அப்படியே இருக்கிறது.

பயப்படாதே, இது என் கைதான். யாரையும் எழுதச் சொல்லவில்லை. எழுபத்தாறு வயதில் எனக்குப் படிக்கவும் எழுதவும் வந்துவிட்டது. இதுவரை எழுதியதற்கு ஒரு காலைப்பொழுதும் இரண்டு பானைத் தேநீரும் ஆகியிருக்கின்றன. ஒவ்வொரு வரி முடிந்ததும் காகிதத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்க்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறது. எழுத வேண்டிய விஷயம்தான் நன்றாக இல்லை.

செவ்வாய்க்கிழமை தொலைபேசியில் நீ என்ன கேட்டாய், நான் என்ன சொன்னேன் என்பது உனக்கு மறந்திருக்காது. "அத்தான், இருபத்துநாலாம் தேதி அக்காவோட கல்லறைக் கல்லைத் திறக்கிறோம். அவ படத்த எடுத்துக்கிட்டு வெள்ளிக்கிழமையே வந்துடுங்க" என்றாய். நான், "வண்டிய எடுக்க முடியாது பாரே, எடுத்தா இடம் போயிடும்" என்றேன். "என்ன இடம்?" "வண்டி நிக்கிற இடம்." "அத்தான், எங்க ஊர்ல குதிரை நிக்குது, மாடு நிக்குது, நாலு வருஷமா ஓடாத டிராக்டர் நிக்குது. உங்க வண்டி நிக்கவா இடமில்ல?" என்று நீ சிரித்தாய். அங்கே இருக்கிறது, திரும்பி வந்தால் இங்கே இருக்காது என்று நான் சொன்னபோது சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு, "கல்லுல வாசகம் வெட்டியாச்சு, படிச்சுக் காட்டட்டுமா?" என்று கேட்டாய். வேண்டாம் என்றேன். நீ வைத்துவிட்டாய். அதனால்தான் இந்தக் கடிதம். நடந்ததை முதலிலிருந்து சொன்னால் நீ கோபப்பட மாட்டாய், அல்லது குறைவாகக் கோபப்படுவாய்.

எல்லாம் படிப்பால் வந்த வினை. உன் அக்கா இருந்தவரை வீட்டுக்கு வரும் தபாலை அவள் படித்தாள், பதிலை அவள் எழுதினாள், நான் தேநீர் போட்டேன். அவள் போன பிறகும் தபால் வந்துகொண்டே இருந்தது. ரொட்டிப் பெட்டிக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்தேன். அடுக்கு ரொட்டிப் பெட்டியைவிட உயரமான அன்று நூலகத்தில் நடக்கும் பெரியவர்கள் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். ஆசிரியை லெவாய், சமோவாக்காரி, என் வயதில் பாதிகூட இருக்காது, ஆனால் முறைத்தால் எனக்கு வேர்க்கும். நான்காவது மாதம் அவள், வீட்டில் எழுத்து இருக்கிற பொருள் எதையாவது கொண்டு வாருங்கள், எல்லோரும் சேர்ந்து படிக்கலாம் என்றாள். ஒருவர் மாவுப் பொட்டலம் கொண்டு வந்தார். ஒரு அம்மாள் தேவாலயப் பாட்டுப் புத்தகம் கொண்டு வந்தார். நான் காரின் முன்பெட்டியைத் திறந்து, அதில் சேர்த்து வைத்திருந்த பதினொரு காகிதங்களைப் பெருமையாகக் கொண்டுபோய் மேசையில் விரித்தேன். லெவாய் ஒன்றைப் படித்தாள், இன்னொன்றைப் படித்தாள், கண்ணாடியைக் கழற்றினாள்.

"தாத்தா, இதெல்லாம் ஏது?"

"வண்டியோட முன்கண்ணாடியில செருகி வைப்பாங்கம்மா. சர்ச்சுல பழைய துணி விக்கிறாங்க இல்ல, அந்த நோட்டீசுன்னு நெனச்சேன். நல்ல தடிமனான காகிதம்."

"இது அபராதச் சீட்டு தாத்தா. பதினொண்ணும்."

"எதுக்கு?"

"வண்டிய நிறுத்தினதுக்கு."

"நிறுத்தாம எப்படிம்மா இறங்கறது?"

வகுப்பு முழுதும் சிரித்தது, மாவுப் பொட்டலக்காரர் உட்பட. சீட்டுகளைத் தீர்த்த கதையை விடு. அன்றைக்கு வகுப்பு முடிந்ததும் நேராக எங்கள் தெருவுக்கு வந்து கம்பம் கம்பமாக நின்று படித்தேன். பாரே, இருபத்தொன்பது வருஷமாக அந்தத் தெருவில் இருக்கிறேன், அந்தக் கம்பங்கள் நாய்களுக்காக வைத்தவை என்றுதான் நினைத்திருந்தேன். ஒவ்வொன்றிலும் எழுதியிருக்கிறது: காலை எட்டு முதல் மாலை ஆறு வரை இரண்டு மணி நேரம் மட்டும், அனுமதிச்சீட்டு உள்ள குடியிருப்போர் தவிர. உன் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, "முன்னால போ, இன்னும் போ, இங்க வேண்டாம், ஆங், இங்க நிறுத்து" என்று சொல்லிக்கொண்டே வருவாள். அது அவள் சுபாவம், எங்கே போனாலும் யாரையாவது நகர்த்தி உட்கார வைப்பவள்தானே என்று இருந்துவிட்டேன். அவள் படித்துக்கொண்டு வந்திருக்கிறாள். கண்ணாடி ஓரத்தில் ஒட்டியிருந்த பச்சை வில்லைதான் அனுமதிச்சீட்டு. நான் அதை அலங்காரம் என்று நினைத்தேன். அவள் போன மூன்றாம் மாதம் அதுவும் காலாவதியாகியிருக்கிறது.

படிக்கத் தெரியாதவரை நான் நினைத்த இடத்தில் நிறுத்தினேன், நிம்மதியாகத் தூங்கினேன். படிக்கத் தெரிந்த பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கடிகாரம் அடித்தது, நான் இறங்கிப் போய் வண்டியை எடுத்துத் தெருவைச் சுற்றினேன். கஞ்சி அடிபிடித்தது. பல் மருத்துவரிடம் பாதி வாயைத் திறந்து வைத்துவிட்டு ஓடி வந்திருக்கிறேன். உங்கள் ஒன்றுவிட்ட அண்ணனின் இறுதிச் சடங்கில் பாட்டுக்கு நடுவே எழுந்து போனேனே, எல்லோரும் நான் அழுதுகொண்டு போவதாக நினைத்து வழிவிட்டார்களே, அது இதற்குத்தான். ஒருநாள் ஒன்பதாவது தெருவில்தான் இடம் கிடைத்தது. நடந்து வீட்டுக்கு வந்து சேரும்போது திரும்பிப் போகிற நேரம் ஆகியிருந்தது. திரும்பிப் போனேன்.

இதற்கு ஒரு முடிவு கட்டலாம் என்று அனுமதிச்சீட்டு தரும் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த பெண் நல்ல பெண், குறை சொல்ல மாட்டேன். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் கேட்டாள்.

"வாடகை ஒப்பந்தம் யார் பேர்லங்க ஐயா?"

"ஹுயானா பேர்ல."

"மின்சார பில்?"

"ஹுயானா."

"வண்டி?"

"அதுவும் அவ பேர்லதான்."

"அப்ப ஒண்ணும் சிக்கலே இல்லையே. அவங்களுக்கு எல்லாத் தகுதியும் இருக்கு. நேர்ல வந்து ஒரு கையெழுத்துப் போட்டா இன்னைக்கே குடுத்துடலாம்."

"அவ வடக்க இருக்கா."

"எப்ப வருவாங்க?"

"வரமாட்டாம்மா. ஒரு வருஷமா அங்கதான் படுத்திருக்கா. இந்த மாசம் கல்லு வைக்கிறாங்க."

அந்தப் பெண் கணினியில் எதையோ அழித்தாள். பிறகு, "அப்ப நீங்க?" என்றாள். "நான் அவ புருஷன்." "நீங்க அந்த வீட்டுலதான் இருக்கீங்கன்னு காட்ட ஏதாவது காகிதம்?" யோசித்துப் பார்த்தேன். கல்யாணக் காகிதத்தில் என் கையெழுத்து இரண்டு குறுக்குக் கோடு. அதைத் தவிர எதிலும் நான் இல்லை. பாரே, காகிதத்தின்படி அந்த வீட்டில் நான் குடியிருக்கவே இல்லை. வாடகை கொடுப்பவள், விளக்குப் போடுபவள், வண்டி ஓட்டுபவள் எல்லாம் உன் அக்கா. நான் இருபத்தொன்பது வருஷமாக வந்து தங்கியிருக்கும் விருந்தாளி. "கவலப்படாதீங்க ஐயா" என்று அவள் மூன்று படிவங்களை எடுத்துத் தந்தாள். "அவங்க பேர ஒரு கோடு போட்டு அடிச்சுட்டு, மேல உங்க பேர எழுதணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான். படிவங்கள் ஏழு வாரமாகச் சாப்பாட்டு மேசையில் கிடக்கின்றன. என் பெயரை நான் இப்போது நன்றாகவே எழுதுகிறேன், உறையின் பின்பக்கம் பார்த்தால் தெரியும். எழுதுவது கஷ்டமில்லை. அதற்கு முன்னால் போட வேண்டிய கோடுதான் வரவில்லை. நாலைந்து முறை பேனாவை எடுத்தேன். ஒருமுறை மையில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மை இருந்தது.

அந்த வாரத்தில்தான் அந்த இடத்தைக் கண்டுபிடித்தேன். எங்கள் வாசலுக்கு நேர் எதிரே ஒரு போஹுதுகாவா மரம் நிற்கிறதே, அதன் வேர் நடைபாதையைத் தூக்கி வைத்திருக்கும் இடம். அதற்கு இந்தப் பக்கம் ஒரு கம்பம், அந்தப் பக்கம் ஒரு கம்பம். இந்தக் கம்பத்தின் அம்புக்குறி இந்தப் பக்கம் காட்டுகிறது, அந்தக் கம்பத்தின் அம்புக்குறி அந்தப் பக்கம் காட்டுகிறது. நடுவே ஒரு கார் நிற்கும் நீளத்துக்கு எந்த எழுத்தும் எதுவும் சொல்லவில்லை. மூன்று நாள் நின்று நின்று படித்து உறுதி செய்தேன். நான்காம் நாள் விடிந்ததும் கொண்டுபோய் நிறுத்தினேன். இன்றுவரை கண்ணாடியில் ஒரு காகிதம் இல்லை. ஹார்வுட் தெருவில் அனுமதிச்சீட்டு வேண்டாத ஒரே இடம் அது. என் படிப்பின் முழுப் பயனும் அங்கேதான் நிற்கிறது.

ஆனால் எடுக்க முடியாது. முன்வீட்டில் குடியிருக்கும் மால்கம் குளிர்பெட்டி பழுது பார்ப்பவன், ஒரு பெரிய வேன் வைத்திருக்கிறான், அவனுக்கும் அந்த இடத்தின் மேல் கண். தினமும் காலையில் வந்து நிற்கிறான்.

"பெரியவரே, இந்த வண்டி ஓடுமா?"

"ஓடும்."

"ஓட்டிக் காமிங்க, பாப்போம்."

"இடத்தப் புடிக்கத்தானே?"

"ஆமா" என்கிறான். வெட்கமே இல்லை. "சக்கரத்தடியில புல்லு மொளச்சிருக்கு பெரியவரே."

"புல்லுக்கு அனுமதிச்சீட்டு வேண்டாம்ப்பா."

கடைக்கு நடக்கிறேன், வகுப்புக்கு நடக்கிறேன், இடுப்பு என்னைத் திட்டுகிறது. மாலையில் தேநீரை எடுத்துக்கொண்டு வண்டிக்குள் போய் உட்காருகிறேன். பக்கத்து இருக்கையில் உன் அக்காவின் கம்பளிச் சால்வை இருக்கிறது. முன்னால போ என்று யாரும் சொல்வதில்லை.

பேருந்தில் வரலாமே என்பாய். கேட்டேன். பெரிய படத்தைச் சாமான் அறையில்தான் போட வேண்டுமாம். ஒரு வருஷம் சுவரிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தவளை யாருடைய மீன்பிடி தூண்டிலுக்கும் பக்கத்தில் நான் படுக்க வைக்க மாட்டேன், நீயும் ஒப்புக்கொள்ள மாட்டாய்.

ஆகையால் பாரே, பெரியவர்களிடம் பேசி, கல் திறப்பதைக் கொஞ்சம் தள்ளிப்போடு. ஈஸ்டர் வரைக்கும். கோடை முடிந்தால் தெருவில் கூட்டம் குறையலாம், இந்தப் படிவங்களும் ஒரு வழிக்கு வரலாம். கல் எங்கும் போகாது. அதை மூடியிருக்கும் போர்வைக்கு அடியில் இன்னும் ஆறு மாதம் இருந்தால் அதற்கு ஒன்றும் ஆகாது. விருந்துக்குப் பன்றிக்கும் மாட்டுக்கும் நீ சொல்லி வைத்திருப்பாய், விற்கிறவர்களிடம் நான் கெட்டவன் என்று சொல்லிவிடு.

உன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் உடம்பில் குறையில்லாமல் இருக்கட்டும். உன் கிழங்குத் தோட்டத்தில் பன்றி புகாமல் இருக்கட்டும். அங்கே நிற்கிற குதிரை, மாடு, டிராக்டர் எல்லாவற்றுக்கும் அவரவர் இடம் நிலைக்கட்டும்.

இப்படிக்கு,
வண்டியை விட்டு நகர முடியாத உன் அத்தான்,
எருவேரா

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடத்தான் எழுந்து போனேன். போஹுதுகாவா மரத்தில் ஒரு புதுக் காகிதம் கட்டியிருந்தது. நின்று படித்தேன். இருபத்துநான்காம் தேதி, சனிக்கிழமை, காலை ஏழு முதல் மாலை ஐந்து வரை, வேர் வெட்டி நடைபாதை சரிசெய்யும் வேலை, இந்த இடத்தில் நிற்கும் வண்டிகள் இழுத்துச் செல்லப்படும். இரண்டாவது தடவையும் அதையேதான் சொன்னது. மால்கமும் பக்கத்தில் வந்து படித்தான். பிறகு அவன், "சனிக்கிழம எங்கயாச்சும் போக இடமிருக்கா பெரியவரே?" என்றான். "வடக்க போகணும். என் பொண்டாட்டியோட கல்லத் திறக்கறாங்க" என்றேன். "இத மொதல்லயே சொல்லக் கூடாதா? அவங்க வேலை முடிஞ்ச கையோட என் குப்பைத்தொட்டிய இங்க வெச்சுடறேன். நீங்க வர்ற வரைக்கும் ஒருத்தன் நெருங்க மாட்டான்" என்றான். ஏழு வாரத்தில் அவனிடம் ஒருமுறைகூடக் கேட்கத் தோன்றவில்லை எனக்கு.

எதையும் தள்ளிப்போடாதே. வெள்ளிக்கிழமை இருட்டுவதற்குள் வந்துவிடுகிறேன். மேலே எழுதியதைப் பொருட்படுத்தாதே. ஆனால் நாலு நாள் உழைப்பு, கிழிக்க மனம் வரவில்லை, அப்படியே தபாலில் போடுகிறேன். மூன்று படிவங்களையும் கொண்டு வருகிறேன். முதலில் அவள் பெயரைக் கல்லில் பார்த்துவிடுகிறேன். அதன் பிறகு காகிதத்தில் கோடு போட என் கை ஒப்புக்கொள்ளும் என்று நினைக்கிறேன்.

ஒன்றே ஒன்று. போர்வையை எடுத்ததும் கல்லில் இருப்பதை யாரும் வாய்விட்டுப் படித்துவிட வேண்டாம், பாதிரியார் உட்பட. செவ்வாய்க்கிழமை வேண்டாம் என்று சொன்னது அதற்காகத்தான். அதை நான் படிக்கிறேன். நேரமாகும், முதியவர்களுக்கு நாற்காலி போட்டு வை. வாசலில் என் வண்டிக்கும் ஓர் இடம் பிடித்து வை. ஒரு குப்பைத்தொட்டி போதும்.