சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு சிட்டிகை

இனி உப்பில்லாமல் ஒரு கவளம்கூட உள்ளே இறங்காது என்று எலக்ட்ரீஷியன் சபதம் எடுத்தார். மனதுக்குள்தான் எடுத்தார். மனைவி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் கடையை மூடிவிட்டன. ஒன்றுவிட்டு ஒருநாள் டயாலிசிஸ். உப்பு கூடினால் தாகம். தாகத்துக்குக் குடித்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் காலில் வந்து குடியேறும். டாக்டர் சொன்னதை அவர் கேட்டார். கேட்டதோடு சரி.

"மெஷின்ல படுத்தா காலை முறுக்கிப் பிழியுது. ஏன்? நரம்புங்கிறது ஒயரு. உப்புதான் கரண்ட். நீ கரண்ட்டையே கட் பண்ணிட்டே!"

"கட் பண்ணலை. அளவா விடறேன். அதிகமா விட்டா பல்பு என்னாகும்னு ஊருக்கெல்லாம் நீங்கதானே சொல்வீங்க?"

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே!"

"அதைச் சொன்னவருக்குக் கிட்னி நல்லா இருந்திருக்கும். வயசுக்கேத்த ரோஷமாவது இருக்கா?"

"உப்பே போடாம ரோஷம் மட்டும் எங்கேருந்து வரும்?"

சாப்பாட்டு மேஜைக்குப் பின்னால் சுவரில் பழைய சுவிட்ச் பெட்டி ஒன்று இருந்தது. அதற்குள் ஒரு சின்ன டப்பா நிறைய உப்பை ஒளித்தார். "தொட்டுடாதே, ஷாக் அடிக்கும்" என்று மனைவியை எச்சரித்தார். பல்பு மாற்றவே பயப்படுகிறவள். பெட்டகமே இதைவிடப் பத்திரமில்லை.

அவள் அடுப்படிக்குத் திரும்பினால் போதும், பெட்டியின் திருகாணி கழலும், சிட்டிகை விழும், ஆணி ஏறும். மறுநாளே டப்பாவில் அடிமட்டத்தில்தான் உப்பு கிடந்தது. ஈரத்தில் கரைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார். ஆனால் அந்தக் கொஞ்சமும் தீரவே இல்லை. சிக்கனம் என்றால் இதுதான் என்று தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டார்.

ஒரு மாதம் போனது. தாகம் அடங்கியது. கால் முறுக்கவில்லை. எடை பார்த்த நர்ஸ், "உடம்புல தண்ணி ஏறவே இல்லையே, சபாஷ்!" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து டப்பாவை மேஜையில் போட்டார்.

"பாத்தியா? மாசம் பூரா திருட்டு உப்பு! நரம்பு எப்படி வேலை செய்யுது பாரு!"

அவள் பீன்ஸ் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"டாக்டர் ஒரு நாளைக்குச் சொன்ன அளவு அது. சமையல்ல போட்டா பத்தலைன்னு கத்துனீங்க. அதான் நீங்க ஒளிச்சதைக் கொட்டிட்டு, சமையல்லயும் நிறுத்திட்டு, தினம் காலைல அதுல போடறேன். திருடித் தின்னா பத்துதே!"

அவர் டப்பாவைத் திறந்து அடியைப் பார்த்தார்.

"ஷாக் அடிக்கும்னு பயமில்லையா உனக்கு?"

"அது இருக்கட்டும், அந்த ஆணியைக் கொஞ்சம் ஒழுங்கா முறுக்குங்க. எலக்ட்ரீஷியன் வீட்டுல தினமும் நான்தான் டைட் பண்றேன்."