மேலாளர் போட்ட சுற்றறிக்கை

முகத்தில் பாதி சோப்பும் பாதி சவரமுமாகக் கண்ணாடி முன் நின்றபோது மேலாளர் அந்த முடிவுக்கு வந்தார். படகுக்காரனைப் படகிலிருந்து இறக்கியே தீருவது. மீதி முகத்தை வழித்து முடிப்பதற்குள் முடிவு உறுதியாகிவிட்டது. தாடையில் இரண்டு வெட்டும் விழுந்துவிட்டது.

மேலாளர் என்றதும் பெரிய நிறுவனம் என்று யாரும் மலைக்க வேண்டாம். வீட்டு முன்னறையில் இரண்டு மேசை, சுவரில் ஒரு வரைபடம், காகிதத்தை மென்று துப்பும் ஒரு பிரிண்டர். சுற்றுலா நிறுவனம் அவ்வளவுதான். ஆறு வருடத்துக்கு முன்னால் அதைத் தொடங்கியவள் அவர் மனைவி. ஊர் பார்க்கப் போகிறவர்கள் குப்பையை மட்டும் போட்டுவிட்டு வரக் கூடாது, போன இடத்தில் இருப்பவர்களுக்கு நாலு நல்லது நடக்க வேண்டும் என்பது அவள் பிடிவாதம். ஒரு பயணத்துக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏற்றமாட்டாள். ஆற்றங்கரைக் குடியிருப்பில் அங்கிருப்பவர்கள் வீட்டிலேயே தங்கல். அவர்கள் சமைப்பதுதான் சாப்பாடு. வழி காட்டுவதும் படகு விடுவதும் அவர்களே.

கணவர் சேர்ந்தது இரண்டு வருடத்துக்கு முன்னால். 'மேலாளர்' என்ற பட்டத்தை அவரே அட்டையில் அச்சடித்துக்கொண்டார். அவருக்குக் கீழே வேலை பார்த்தது அந்தப் பிரிண்டர் ஒன்றுதான். அதுவும் சொன்ன பேச்சு கேட்காது.

வினை கருத்துப் புத்தகத்தில் வந்தது. பயணம் முடிந்து போகிறவர்கள் அதில் நாலு வரி எழுதிவிட்டுப் போவார்கள். காலைக் காபியோடு மனைவி அதை உரக்கப் படிப்பாள்.

"'படகுக்காரர் துடுப்பு போடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.' கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"'அவர் பறவைகளைக் காட்டிய விதத்தை வாழ்நாளில் மறக்க மாட்டோம்.' மூணு பேர் கையெழுத்து போட்டிருக்காங்க."

"மேலாளரைப் பத்தி யாரும் ஒண்ணும் எழுதலையா?"

"எழுதியிருக்காங்களே. 'அலுவலகத்தில் காக்க வைத்துவிட்டார்கள்.'"

காபி கசந்தது. அவன் கையில் துடுப்பு, இவர் நெஞ்சில் துடிப்பு.

அதோடு விட்டதா? போன் வேறு. தினமும் பதினொரு மணிக்குப் படகுத்துறையிலிருந்து அழைப்பு வரும். மனைவி ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டு பேசுவாள். "ஐயோ, சிரிக்க வைக்காதே... நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்... நீ உடம்பைப் பார்த்துக்கோ!"

நீ! தாலி கட்டிப் பத்தொன்பது வருடமாக இவருக்கு 'நீங்க'தான். துடுப்பு போடுகிறவனுக்கு 'நீ'யாம். அந்த ஒற்றை எழுத்து தொண்டையில் மீன்முள்ளாகக் குத்திக்கொண்டு நின்றது.

மேலாளர் ஒருநாளும் ஆற்றங்கரைக்குப் போனதில்லை. தண்ணீரில் அவருக்குப் பழக்கம் வாளி வரைக்கும்தான். படகுக்காரனை அவர் பார்த்தது சுவரில் இருந்த புகைப்படத்தில். அந்தத் தோள்களைப் பார்த்துவிட்டுத் தன் சட்டையின் தோள்பட்டையைத் தொட்டுப் பார்ப்பார். உள்ளே காற்றுதான் அதிகம் இருந்தது.

துக்கத்தைப் பக்கத்துக் கடைத் தையல்காரரிடம் கொட்டினார்.

"நேரா வெட்டினா துணி பாழாயிடும் சார்," என்றார் தையல்காரர், வாயில் ஊசியோடு. "அளவெடுத்து வெட்டணும். அம்மாவோட கொள்கை என்ன?"

"எல்லாருக்கும் நல்லது நடக்கணும்."

"அந்தத் துணியிலயே தைங்க. ஒரே ஆள் வருஷம் முழுக்கப் படகு விட்டா மத்தவங்களுக்கு எப்படி நல்லது நடக்கும்? முறை வச்சு மாத்தணும்னு ஒரு சுற்றறிக்கை போடுங்க. அம்மாவால மறுக்க முடியுமா?"

மேலாளர் அவரைக் கட்டிப்பிடித்தார். ஊசி குத்தியதுகூடத் தெரியவில்லை.

அன்று மதியமே சுற்றறிக்கை தயார். 'நிறுவனத்தின் நன்மை எல்லாரையும் சென்றடைய வேண்டும். ஆகவே யாரும் ஒரே வேலையில் மூன்று மாதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. சுழற்சி முறையில் மாற வேண்டும்.' படகுக்காரனுக்கு மட்டும் சலுகை கேட்டு மனைவி வந்து நிற்பாளோ என்று ஒரு பயம். அதற்கும் ஒரு பூட்டுப் போட்டார்: 'இதற்கு யாரும் விதிவிலக்கல்ல.' கீழே கையெழுத்து. அதிசயமாகப் பிரிண்டர்கூட மெல்லாமல் துப்பியது.

மனைவி இரண்டு முறை படித்தாள்.

"யாரும் விதிவிலக்கு இல்லைன்னு நீங்களேவா எழுதினீங்க?"

"நானேதான்."

"என்ன பெரிய மனசுங்க உங்களுக்கு!" என்று முத்திரையை எடுத்து ஓங்கிக் குத்தினாள்.

மேலாளருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஒரு சொட்டுக் கண்ணீராவது வரும் என்று காத்திருந்தார். அவளோ முத்திரை மையைத் துடைத்துக்கொண்டே ஏதோ பாட்டு முணுமுணுத்தாள்.

திங்கட்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனாள். படகுத்துறைக் கொட்டகையில் குடியிருப்பே கூடியிருந்தது. சுற்றறிக்கையை அவரே படித்தார். முடித்ததும் கைதட்டல் கூரையைத் தூக்கியது. அப்போதுதான் அவருக்கு விஷயம் விளங்கியது. அங்கே படகு வைத்திருப்பது ஆறு வீடு. வருகிறவர்கள் எல்லாம் அந்த ஒருவனையே கேட்டதால் மற்ற ஐந்து படகும் கரையில் காய்ந்தன. இரண்டு வீட்டுக்காரர்கள் பேச்சுவார்த்தையை நிறுத்தியே ஒரு வருடம். இன்னொரு வீடு ஊரை விட்டே கிளம்பத் துணி மூட்டை கட்டி வைத்திருந்தது. அந்த வீட்டுக்காரர் மேலாளரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு படகுக்காரன் வந்தான். புகைப்படத்தைவிட அகலமாக இருந்தான். மேலாளர் ஓர் அடி பின்வாங்கினார். அவன் நேராக வந்து அவரை இடது கையால் அணைத்துக்கொண்டான்.

"மாமா! என் வயித்துல பாலை வார்த்தீங்க!"

"மா... மாமாவா?"

"கூடப் பிறக்கலேன்னாலும் எனக்கு அக்காதான். அக்கா வீட்டுக்காரர் மாமாதானே? வலது தோள் போய் ஒரு வருஷம் ஆச்சு மாமா. தினம் பதினொரு மணிக்கு அக்காகிட்டதான் புலம்புவேன். விருந்தாளிங்க என்னையே கேக்குறாங்க, நானா எப்படி விடுறது? ஆபீஸே எழுதிக் கொடுத்தாத்தான் நடக்கும்னு அக்கா சொல்லிட்டே இருந்துச்சு."

'நீ'க்கு விளக்கம் கிடைத்துவிட்டது. தொண்டை முள் இறங்கியது. மேலாளர் நிம்மதியாக ஒரு மூச்சு விட்டார். அதை முழுசாக விடுவதற்குள் மனைவி எழுந்தாள்.

"தம்பிக்குத் தோள் சரியில்லை. இனிமே உட்கார்ந்த வேலைதான். நாளையிலிருந்து ஆபீஸ். போன் எடுக்கட்டும், புதுசா வழி காட்டப் போறவங்களுக்குப் பறவைகளைப் பத்திச் சொல்லிக் கொடுக்கட்டும்."

"ஆபீஸ்ல ரெண்டே நாற்காலிதானே இருக்கு?" என்றார் மேலாளர்.

"ஆமாங்க. ஒண்ணுல நான்."

"இன்னொண்ணுல நான்!"

அவள் சுற்றறிக்கையை உயர்த்திப் பிடித்தாள். அவர் கையெழுத்து வெயிலில் பளபளத்தது.

மறுநாளே படகில் ஏறினார். முறை வந்த இன்னொரு வீட்டுப் படகுக்காரம்மா துடுப்பு போட, உள்ளே கசியும் தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றுவது இவர் வேலை. அந்த அம்மாள் அதட்டலில் ஆற்று மீனே ஒதுங்கிப் போகும். சுழற்சி முறை மூன்றே நாளில் சுளுக்கு முறை ஆனது. மேலாளர் கீழாளர் ஆனார்.

சனிக்கிழமை மத்தியானம் முதுகைப் பிடித்துக்கொண்டு வீடு வந்தார். முன்னறையில் அவர் நாற்காலியில் புது மைத்துனன். பிரிண்டர் அவனுக்குச் சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தது. அவனும் மனைவியும் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த இரண்டு நாற்காலியையும் கையெழுத்துப் போட்டு எதிரெதிரே இழுத்துப் போட்டது தானேதான் என்று நினைத்தபோது சுளுக்கு நெஞ்சுக்கே ஏறிவிட்டது. கூடப்பிறந்தவனாகவே இருந்தாலும் இப்படியா சிரிப்பது?

மனைவியைச் சமையலறைக்குக் கூப்பிட்டார்.

"அந்தத் தையல்காரன் பேச்சைக் கேட்டது தப்பாப் போச்சு."

"பாவம், அவரை ஏன் திட்டுறீங்க? நான் சொல்லிக் கொடுத்ததைத்தானே சொன்னார்."

மேலாளர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"நானே சொல்லியிருந்தா நீங்க ஆயிரம் நொட்டை சொல்லியிருப்பீங்க," என்றாள் அவள் சாந்தமாக. "உங்களுக்கே தோணினாத்தான் உடனே செய்வீங்க."

"சரி, போகட்டும். மூணு மாசம் கழிச்சு நான் நாற்காலிக்கு வந்துடலாம்ல?"

"அது எப்படிங்க? சுழற்சியில படகுக்கு அடுத்தது சமையல். பத்துப் பேருக்கு மூணு வேளை." கூடையை அவர் பக்கம் நகர்த்தினாள். "அதுவரைக்கும் ஏன் சும்மா இருக்கணும்? இதை உரிச்சுப் பழகுங்க."

அவள் முன்னறைக்குப் போனதும் மறுபடி சிரிப்பு கிளம்பியது. மேலாளர் வெங்காயம் உரித்தார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. நல்லவேளை, பழி போட வெங்காயம் இருந்தது.