மகளுக்கு ரெஸ்ட், எனக்கு வேப்பிலை

அன்னிக்கு எனக்கு ஒரே ஒரு வேலைதான். மக தூங்கணும், யாரும் எழுப்பாம நான் பாத்துக்கணும். அவ்வளவுதான்லா!

எண்பதுகளோட ஆரம்பம். நாங்க ஈப்போ டவுன்ல, புந்தோங்குப் பக்கம் இருந்தோம். மக செல்வி பினாங்கில டீச்சருக்குப் படிச்சிக்கிட்டிருந்தா, கடைசி வருஷம். திடீர்னு ஒரு நாள் கழுத்து ரெண்டு பக்கமும் வீங்கி, கொதிக்கிற காய்ச்சலோட பஸ்ஸை விட்டு இறங்கினா. "அப்பா"ன்னு கூப்பிடக்கூட குரல் வரல. நேரா டாக்டர்கிட்ட கூட்டிட்டு ஓடினேன்.

டாக்டர் ரத்தம் எடுத்துப் பாத்துட்டு, "கிளேண்டுலர் ஃபீவர். இதுக்குன்னு மருந்து இல்லே. தூக்கம்தான் மருந்து. மூணு வாரம் நல்லா தூங்க விடுங்க"ன்னாரு.

செல்விக்குக் கண்ணு கலங்கிடுச்சு. நாலாவது வாரம் அவளுக்குக் கடைசிப் பரீட்சை.

"நீ தூங்கு தாயி. அப்பா பாத்துக்கிறேன்"னு பெரிய ஆளு மாதிரி சொன்னேன்.

சொன்னது ஈசி. நாங்க சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்துல இருந்து வந்தவங்க. தோட்டத்துல ஒருத்தர் படுத்தா லயத்து வீட்டுக்காரங்க மொத்தமும் வந்து பாத்தாகணும். வராட்டி அது ஜென்மப் பகை! டவுனுக்கு வந்தும் அந்தப் பழக்கம் போகல. மறுநாளே லாரி போட்டு வந்துட்டாங்க.

வந்தவங்க சும்மா இருக்காங்களா? ஒவ்வொருத்தரும் ரூமுக்குள்ள போயி, புள்ளய உலுக்கி எழுப்பி, "அலுப்பா இருக்கா? தூங்கு தாயி, தூங்கு"ன்னு சொல்லிட்டு வாராங்க. காலையிலேர்ந்து சாயங்காலத்துக்குள்ள பதினோரு தடவை எழுப்பி, பதினோரு தடவை தூங்கச் சொல்லிட்டாங்க.

"யாரும் வந்து பாக்க வேணாம்னு டாக்டர் சொன்னாரு"ன்னு சொல்லிப் பாத்தேன்.

"அது மத்தவங்களுக்குச் சொன்னதுலா, நாங்க சொந்தம்"னுட்டாங்க.

அப்பதான் என் மூளை வேலை செஞ்சது. என் மூளை வேலை செஞ்சாலே சூசாதான், தொல்லைதான்.

அடுத்த நாள் விடிஞ்சதும் பின்னாடி வேப்ப மரத்துல ரெண்டு கொத்து ஒடிச்சு வாசல்ல கட்டிட்டேன். வேப்பிலை கட்டினா அந்த வீட்டுல அம்மை போட்டிருக்குன்னு அர்த்தம். ஒரு பய உள்ள வரமாட்டான்!

என் சம்சாரம் சரோஜா பாத்துட்டு நெஞ்சுல கை வச்சிட்டா. "ஏங்க, அம்மன் பேருல பொய்யா?"

"நான் எங்கடி பொய் சொன்னேன்? வாயே திறக்கலையே. இலைதானே கட்டினேன்."

ரெண்டு மணி நேரம் வீடு கப்சிப். செல்வி அசந்து தூங்குனா. ஆகா, ராமு, நீ கெட்டிக்காரன்டான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

அப்புறம் வந்தான் சரோஜாவோட தம்பி மணியம். வேப்பிலையைப் பாத்தான், கேட்டுலயே நின்னுட்டான். உள்ள வரமுடியாதே! அதனால ரோட்டுல நின்னே கத்துனான்.

"மச்சான்! எத்தனை முத்து போட்டிருக்கு?"

"மெதுவா பேசுடா!"

"என்னாது? கேக்கல மச்சான்! முகத்துலயும் இருக்கா?"

செல்வி எழுந்துட்டா. தெரு மொத்தமும் எழுந்துடுச்சு.

சாயங்காலம் ஆச்சு. தூரத்துல உறுமிச் சத்தம். யாரு வீட்டு விசேஷம்னு எட்டிப் பாத்தேன். அடோய்! எங்க வீட்டு விசேஷம்!

எங்க தெருப் பொம்பளைங்களுக்கெல்லாம் தலைவி முனியம்மா அக்கா முன்னாடி வாரா. பின்னாடி இருபது பேரு, கூழ்ப் பானை, மஞ்சத் தண்ணிக் குடம். அம்மன் வந்திருக்கிற வீட்டைச் சும்மா விடலாமா? அம்மைன்னா சொந்தக்காரன் வரமாட்டான், அம்மன் பக்தருங்க வருவாங்கங்கிறதை நான் மறந்தே போயிட்டேன்.

உறுமிச் சத்தத்துல செல்வி கழுத்துல துண்டோட தள்ளாடிக்கிட்டு வெளிய வந்தா. அக்கா அவ முகத்தைத் தூக்கிப் பாத்தா. கையைத் திருப்பிப் பாத்தா.

"ஏன் தம்பி, ஒரு முத்தைக்கூட காணோமே?"

"உள்ளுக்குள்ள போட்டிருக்குக்கா"ன்னேன்.

என் மகளுக்கு அப்பன் புத்தி இல்லே. "எனக்கு அம்மை இல்லே அத்தை. நான் தூங்கணும்னு அப்பா கட்டுனாரு"ன்னு உடைஞ்ச தொண்டையில சொல்லிட்டா.

உறுமி நின்னுபோச்சு. இருபது பேரும் என்னைப் பாத்தாங்க.

அக்கா செல்விய உள்ள கூட்டிட்டுப் போயிப் படுக்க வச்சா. திரும்பி வந்தா. "அம்மனைக் கூப்பிட்டாச்சு. தண்ணி ஊத்தாம அனுப்ப முடியாது. புள்ளைக்குக் காய்ச்சல். உட்காரு தம்பி"ன்னா.

நடுத்தெருவுல என் தலையில மூணு குடம்! பச்சை மஞ்சளை அரைச்சுக் கரைச்ச தண்ணி. கண்ணு, காது, மூக்கு எல்லாம் மஞ்சள்.

மறுநாள் வேலைக்குப் போனேன். ஒர்க்ஷாப்பு முதலாளி, எங்க தவுக்கே, என்னைப் பாத்ததும் ரெண்டு அடி பின்னால போயிட்டாரு.

"அய்யோ ராமு! முகமும் மஞ்சள், கண்ணும் மஞ்சள்! காமாலை லா! போ, வீட்டுக்குப் போ!"

அங்கதான் மணியமும் வேலை செய்யிறான். அவன் வாய்க்கு ஒரு மணி நேரம் போதும். மத்தியானத்துக்குள்ள தோட்டத்து லாரி மறுபடியும் வாசல்ல நிக்குது. ஆளுக்கொரு டம்ளர் கீழாநெல்லிச் சாறு!

"எனக்குக் காமாலையெல்லாம் இல்லே"ன்னு சொல்ல வாயைத் திறந்தேன். அப்பதான் பாத்தேன், ஒருத்தரும் ரூம் பக்கம் போகல. எல்லாம் என்னைச் சுத்தி உக்காந்திருக்காங்க. உள்ள செல்வி வாயைத் திறந்து குறட்டை விட்டுத் தூங்குறா. காய்ச்சல் வந்த நாளா அவ அப்படித் தூங்கி நான் பாக்கல.

திறந்த வாயில கீழாநெல்லியை ஊத்திக்கிட்டேன்.

முனியம்மா அக்காவுக்கு எல்லாம் தெரியும். காட்டிக் கொடுக்கல. "தம்பிக்கு ரொம்ப முடியல, இன்னொரு டம்ளர் குடுங்க"ன்னு மட்டும் சொல்லிக்கிட்டே இருந்தா.

ரெண்டு வாரம் நான் படுத்தேன், செல்வி தூங்குனா. வீக்கம் வத்திடுச்சு, நாலாவது வாரம் பரீட்சையும் எழுதிட்டா.

கீழாநெல்லி குடிச்சே நாக்கு செத்தவன் சொல்றேன், கேட்டுக்குங்க: நம்ம ஆளுங்க வீட்டுல ஒரு நோயாளி ரெஸ்ட் எடுக்கணும்னா, பாக்க வர்றவங்களுக்கு இன்னொரு நோயாளி வேணும்லா!