பெட்டி மாறிய நெஞ்சுவலி

மத்திகிரி,
திங்கட்கிழமை

அன்பு மச்சான் எபினேசருக்கு, ஜான்பீட்டர் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கு நாங்கள் சுகம். காவேரிப்பட்டினத்தில் நீயும் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். சுகம் என்பதை யோசித்துத்தான் எழுதியிருக்கிறேன். உன் அக்கா போனில் அழுததை நம்பாதே.

சனிக்கிழமை எங்கள் சர்ச் ஹாலில் ‘இதயமும் ஆபத்தும்: நிபுணர்களிடம் கேளுங்கள்’ என்று ஒரு கூட்டம். பெங்களூரிலிருந்து ஒரு டாக்டரும் புள்ளிவிவரம் படித்த ஓர் அம்மாவும் வந்தார்கள். கேட்க வெட்கப்படுகிறவர்கள் சீட்டில் எழுதிப் போடலாம், பெயர் வேண்டாம் என்றார்கள். எனக்கு மூன்று மாதமாக மாடிப்படி ஏறினால் நெஞ்சைப் பிடிக்கிறது. உன் அக்காவுக்குத் தெரிந்தால் வீடு தாங்காது என்று வாயைத் திறக்கவில்லை. அதனால் சீட்டு எழுதிப் போட்டேன். ஹாலைப் பெருக்கிய முனிராஜ் செய்த வேலை, எங்கள் கேள்விப் பெட்டி ஆயரிடம் போயிற்று. ஆயருடைய ஜெப விண்ணப்பப் பெட்டி மேடை ஏறிற்று. இரண்டும் ஒரே மாதிரி பிஸ்கட் டப்பா!

டாக்டர் முதல் சீட்டைப் பிரித்தார்: ‘என் மகளுக்கு இந்த வருஷமாவது வரன் அமையணும்.’ அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த அம்மா அசரவில்லை. “உறுதியா சொல்ல முடியாது. வயசு, பரம்பரை எல்லாம் பாக்கணும்” என்றார். சீட்டு எழுதிய ஜோதியம்மாள் எழுந்துவிட்டாள். “அப்ப ஆவுமா ஆவாதாம்மா? அத மட்டும் சொல்லுங்க.” “ஆகலாம், ஆகாமலும் போகலாம்.” இதைச் சொல்ல பெங்களூரிலிருந்து வர வேண்டுமா?

ஞாயிறு ஆராதனையில் ஆயர் என் சீட்டை உருக்கமாக வாசித்தார்: ‘மாடி ஏறினால் நெஞ்சைப் பிடிக்கிறது. மனைவிக்குத் தெரியாது. ஆபத்து எவ்வளவு? இப்படிக்கு ஜான்பீட்டர், டோக்கன் நம்பர் 1146.’ பெயர் வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். முப்பத்திரண்டு வருடம் கம்பெனி ஆலோசனைப் பெட்டியில் சீட்டுப் போட்ட கை, சொன்னால் கேட்குமா? பெயரோடு வேலையாளின் டோக்கன் நம்பரும் இல்லாவிட்டால் அங்கே சீட்டைப் பிரிக்கவே மாட்டார்கள்.

பெண்கள் பக்கத்திலிருந்து உன் அக்கா எழுந்து, “மூணு மாசமாவா? எங்கிட்ட சொல்லலையா?” என்று போட்ட சத்தத்தில் ஆர்மோனியம் நின்றுவிட்டது. அதிலிருந்து எனக்கு உப்பு இல்லை, மாடி இல்லை, பேச்சும் இல்லை. வீட்டுக்கு வருகிறவர்களெல்லாம் நிபுணர்கள். ஒருவர் பூண்டு என்கிறார், ஒருவர் பூண்டே ஆகாது என்கிறார். டவுன் பஸ் கண்டக்டர்கூட, “நெஞ்சு எப்பிடிங்ணா இருக்குது?” என்கிறார்.

இது வெறும் வாயு. நான் எந்த ஆஸ்பத்திரிக்கும் போவதாக இல்லை. நீயும் புறப்பட்டு வராதே. அக்காவுக்கு நல்ல வார்த்தை சொல். கர்த்தர் உன் குடும்பத்தைக் கண்மணிபோல் காப்பாராக.

இப்படிக்கு,
ஜான்பீட்டர்
(டோக்கன் நம்பர் 1146)

பி.கு.: செவ்வாய் மாலை. உன் அக்கா என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள். வாயு இல்லையாம், இரண்டு இடத்தில் அடைப்பு, வியாழக்கிழமை ஸ்டென்ட் வைக்கிறார்கள். ஆபத்து எவ்வளவு என்று கேட்டேன். நூற்றுக்கு ஒருவருக்கு என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். அந்த ஒருவர் யார் என்றேன், அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். பயமாக இருக்கிறது, மச்சான். தபால் வந்து சேர நாளாகும் என்று இதைப் போட்டோ எடுத்து போனில் அனுப்புகிறேன். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டு நாளைக்கே வா. வரும்போது ஆயரைப் பார்த்து அந்தச் சீட்டை இன்னொரு முறை வாசிக்கச் சொல். டோக்கன் நம்பரோடு வாசிக்கட்டும். எங்கள் சபையில் மூன்று ஜான்பீட்டர் இருக்கிறோம்.